பணம் திரும்பலாம், வயது திரும்புமா?



நூறாண்டுக்கு முந்தைய ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம். 1921-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ஒரு பெரிய போர்க்கப்பல் வந்தது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்கிறோமே, அதே துறைமுகம்தான். கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட கப்பல் என்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூர், பினாங்கு, போர்ட்டிக்சன் என்று மற்ற துறைமுகங்களுக்கும் அது போனது. போன இடங்களில் கப்பல் வீரர்கள் உள்ளூர் அணிகளோடு காற்பந்தும் ரக்பியும் ஆடினார்கள்.

சில மாதங்கள் கழித்துக் கப்பல் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் செய்த உபசரிப்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்கள் தருகிறோம், ஒன்று காற்பந்துக்கு, இன்னொன்று ரக்பிக்கு என்றது அந்தக் கடிதம். அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் மலாயாக் கிண்ணமாகி, பின்னர் மலேசியக் கிண்ணம் என்று நம் வீடுகளில் எல்லாம் பேசப்பட்ட போட்டியாக வளர்ந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வெளியிலிருந்து ஓர் அணி வந்து ஆடினால், அது ஆடிவிட்டுப் போவதோடு முடிவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசையை விட்டுவிட்டுப் போகிறது. விளையாட்டு உலகில் சுற்றுப்பயணம் என்பதன் உண்மையான மதிப்பு அதுதான்.

அப்படிப்பட்ட பயணங்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் என்ன ஆகும்? 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அன்றைக்கே அந்நியர்களுக்கு நாட்டின் எல்லையும் மூடப்பட்டது. அந்தக் கதவு முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டு ஆண்டுகள்! அந்த இரண்டு ஆண்டுகள் விளையாட்டுக்கு, முக்கியமாக ரக்பிக்கு, என்ன செய்தன என்பதே இன்றைய பேச்சு.

ரக்பி என்றதும், அது நமக்கு எதற்கு, நம் பிள்ளைகள் காற்பந்தும் பூப்பந்தும் ஹாக்கியும்தானே ஆடுகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். அண்டை வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டுக் கூரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லதல்லவா? ரக்பியில் பளிச்சென்று தெரிந்த நோய், மற்ற விளையாட்டுகளிலும் உள்ளுக்குள் இருந்த நோய்தான்.

தலையோடு தலை மோதும் ஆட்டம்

முதலில் ரக்பிக்கு அடி ஏன் பலமாக விழுந்தது என்று பார்ப்போம். நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 15 பேர். எதிரியை இடுப்போடு கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று வரும். பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் குனிந்து, எதிரணி எட்டுப் பேரோடு முட்டித் தள்ளுவார்கள். பதினாறு பேருடைய மூச்சும் ஒரே இடத்தில். மூன்றடி தள்ளி நில்லுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது?

2020 மே மாதம் உலக ரக்பி அமைப்பு சில மாற்று விதிகளை முன்வைத்தது. ஸ்க்ரம்மைத் திரும்பத் திரும்ப அமைக்க வேண்டாம், ஆட்டக்காரர்கள் கூடிக் கட்டிப்பிடித்துக் கொண்டாட வேண்டாம் என்பன போன்ற யோசனைகள் அவை. ஆனால் உரசலே இல்லாத ரக்பி, மாவே இல்லாத தோசை மாதிரி. நம் நாட்டிலும் மெதுவோட்டத்துக்கும் பூப்பந்துக்கும் முதலில் அனுமதி கிடைத்தது. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளுக்குக் கதவு கடைசியில்தான் திறந்தது.

பயணம் நின்றது, பணமும் நின்றது

அடுத்து பண விஷயம். அனைத்துலக ரக்பியில் ஒரு நடைமுறை உண்டு. இந்த ஆண்டு என் அணி உன் நாட்டுக்கு வரும், நுழைவுச்சீட்டுப் பணமும் ஒளிபரப்புப் பணமும் உனக்கு. இன்னோர் ஆண்டு உன் அணி என் நாட்டுக்கு வரும், அப்போது வருமானம் எனக்கு. நம் ஊரில் கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போலத்தான். ஒருவர் வீட்டுக் கல்யாணம் நின்றால் அவருக்கு மட்டும் நட்டமில்லை, கணக்கே குழம்பிவிடும்.

2020 ஜூலையில் இங்கிலாந்து ஜப்பானுக்கும், அயர்லாந்து ஆஸ்திரேலியாவுக்கும், வேல்ஸ் நியூசிலாந்துக்கும் போக வேண்டியிருந்தது. எல்லாமே தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஆண்டின் கணக்கை முடித்தபோது ஆஸ்திரேலிய ரக்பி வாரியத்துக்கு 2 கோடியே 71 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பற்றாக்குறை. நியூசிலாந்து வாரியத்துக்கு 3 கோடியே 46 லட்சம் நியூசிலாந்து டாலர் நட்டம். 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயரைக் கேட்டாலே உலகம் திரும்பிப் பார்க்கும் நாட்டுக்கே அந்த நிலை. அமெரிக்க ரக்பி அமைப்பு 2020 மார்ச் மாதமே நொடிப்புப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. உலக ரக்பி அமைப்பு சுமார் 10 கோடி அமெரிக்க டாலரை உதவி நிதியாக ஒதுக்கியது.

பணமுடை வந்த குடும்பம் என்ன செய்யும்? நகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும். ஐரோப்பாவில் ஆறு நாடுகள் சேர்ந்து நடத்தும் 'சிக்ஸ் நேஷன்ஸ்' போட்டி ரக்பியின் பரம்பரைச் சொத்து. 2021-ஆம் ஆண்டு அதன் வணிக உரிமையில் ஏழில் ஒரு பங்கு, சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 36 கோடியே 50 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. கைக்குப் பணம் வந்தது உண்மைதான். ஆனால் இது அடகு இல்லை, விற்பனை. இனி வரும் ஆண்டுகளில் கிடைக்கும் வருமானத்தில் அந்தப் பங்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் வேதனையானது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து 'லயன்ஸ்' என்ற ஒரே அணியாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பயணம் போவார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றுக்கும் முறை வைத்துப் போவதால், ஒரு நாட்டுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த வாய்ப்பு. நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் முறை 2021-ஆம் ஆண்டு வந்தது. பல்லாயிரம் ரசிகர்கள் விமானம் ஏறி வந்து, விடுதிகளை நிரப்பி, ஊரே திருவிழாவாக வேண்டிய நேரம். மூன்று முக்கிய ஆட்டங்களும் கேப் டவுனில், ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் நடந்தன. தென்னாப்பிரிக்கா தொடரை 2-1 என்று வென்றது. பக்தர்கள் இல்லாமல் கும்பாபிஷேகம் நடந்தது போல! பூஜையில் குறையில்லை, உண்டியல்தான் காலி.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். கோலாலம்பூருக்கு ஒரு வெளிநாட்டு அணி வருகிறது, அதன் பின்னால் ரசிகர்கள் வருகிறார்கள் என்றால், கேஎல் சென்ட்ரல் பக்கத்து விடுதிக்கு அறை வாடகை. அவர்களை ஏற்றி இறக்கும் பேருந்து ஓட்டுநருக்குச் சம்பளம். சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் நான்கு மேசை கூடுதலாக நிரம்பும். திடலில் கொடி கட்டுகிறவர், சட்டைக்கு எண் அச்சடிக்கிறவர், தண்ணீர் போத்தல் விற்கிறவர் என்று கடைசி ஆள் வரைக்கும் பத்து வெள்ளியாவது போய்ச் சேரும். புக்கிட் ஜாலிலில் நடக்க வேண்டிய மலேசியப் பொது பூப்பந்துப் போட்டி 2020-இலும் நடக்கவில்லை, 2021-இலும் நடக்கவில்லை. 2022 ஜூன் மாதக் கடைசியில்தான் மீண்டும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பத்து வெள்ளிகள் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விட்டன.

அந்தப் போட்டி நின்றதால் விளையாட்டாளர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் நடந்திருந்தால் அது தோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிப் புள்ளி தரும் போட்டி. அதுவும் இல்லை, இந்தியா, சிங்கப்பூர் போட்டிகளும் இல்லை என்றானதும், சாய்னா நேவால், ஸ்ரீகாந்த் கிடாம்பி இருவருக்கும் ஒலிம்பிக் கதவு மூடிவிட்டது. லண்டனில் பதக்கம் வாங்கிய சாய்னாவால், திடலில் இறங்கிப் போராடித் தோற்கக்கூட முடியவில்லை.

கத்தி முதலில் எங்கே விழுந்தது?

பணம் குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும். அதில் தவறில்லை. எதைக் குறைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலிய ரக்பி வாரியம் 142 முழுநேர ஊழியர்களில் 47 பேரை அனுப்பியது. இங்கிலாந்து 2020 ஆகஸ்டில் தன்னுடைய எழுவர் ரக்பித் திட்டத்தையே நிறுத்தியது. ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டது. எழுவர் ரக்பி என்பது ஒலிம்பிக்கில் ஆடப்படும் குறுகிய வகை. சிறிய நாடுகளும் தலைநிமிர்ந்து ஆடக்கூடிய வகையும் அதுதான். 2017-ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசிய ஆண்கள் அணி தங்கம் வென்றதும் அந்த எழுவர் ரக்பியில்தான். பெரியவர்களின் முதல் அணிக்குச் சம்பளம் குறைந்தது. சிறிய வகைக்கோ வாழ்வே நின்றது.

ஆசியாவின் பெரிய எழுவர் ரக்பித் திருவிழா ஹாங்காங்கில் நடப்பது. 1976-ஆம் ஆண்டு முதல் போட்டியிலேயே மலேசியாவிலிருந்து அணி போயிருக்கிறது. அந்தத் திருவிழா 2020 ஏப்ரலில் நடக்க வேண்டியது, அக்டோபருக்குத் தள்ளிப்போய், பிறகு அதுவும் இல்லையென்றானது. 2021-இலும் இல்லை. 2022 நவம்பரில்தான் திரும்பியது.

சிறிய நாடுகள் பட்ட பாட்டுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். பசிபிக் தீவு நாடான ஃபிஜி 2020 நவம்பரில் ஐரோப்பாவுக்குப் போனது. அணிக்குள் தொற்று புகுந்தது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்காட்லாந்து என மூன்று ஆட்டங்களும் இரத்து. அவ்வளவு தூரம் போய், கடைசியில் ஜார்ஜியாவோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினார்கள்.

இன்னொன்று தொங்கா. அந்நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர் வெளிநாட்டுக் கழகங்களில் ஆடுகிறவர்கள். 2021 ஜூலையில் பயணக் கட்டுப்பாட்டால் அவர்களால் வர முடியவில்லை. தேசிய அணிக்கு முதன்முறையாக ஆடும் புதியவர்கள் பலரை வைத்துக்கொண்டு, ஆக்லாந்தில் நியூசிலாந்தை எதிர்கொண்டார்கள். முடிவு 102-0. படிப்படியாக ஏற்றிவிட வேண்டிய இளைஞர்களை ஒரே தாவலில் மலையுச்சிக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்? அந்தப் பையன்களிடம் வீரம் குறைவில்லை. ஏறி வருவதற்குப் படிக்கட்டு இல்லை.

நம் நாட்டு ரக்பி

மலேசியா ரக்பிக்குப் புதிய நாடு அல்ல. பத்துப் பேர் ஆடும் ரக்பி வகையை 1967-ஆம் ஆண்டு உலகத்துக்குத் தந்ததே நம் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கழகம்தான். 2018-இலும் 2019-இலும் ஹாங்காங், தென்கொரியா இரண்டோடும் ஆசியாவின் முதல்நிலைப் போட்டியில் நின்றது நம் தேசிய அணி. அந்தப் போட்டி 2020-இலும் 2021-இலும் நடக்கவில்லை. 2022-இல்தான் மறுபடியும் நடந்தது.

இரண்டு போட்டிகள்தானே போயின என்று கேட்கலாம். நம்மைவிட வலுவான அணிகளோடு மோதும் வாய்ப்பு நமக்கு ஆண்டுக்கு மிகச் சில முறைதான். பயிற்சியில் எவ்வளவுதான் ஓடினாலும், எதிரில் வேகமாக ஓடி வருகிறவனைச் சாய்த்துப் பார்த்தால்தான் நம் பலம் நமக்குத் தெரியும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டு என்றால், அது அவருடைய ஆட்ட வாழ்வின் நல்ல பகுதி.

நாட்டுக்குள்ளேயும் இதே கதை. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் சுக்மா போட்டி 2018-இல் பேராக்கில் நடந்தது. 2020-இல் ஜொகூரில் நடக்க வேண்டியது 2021-க்குத் தள்ளிப்போய், பின்னர் கைவிடப்பட்டது. அடுத்து நடந்தது 2022 செப்டம்பரில், கோலாலம்பூரில். மாநிலச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கனவு கண்ட ஒரு வரிசை இளைஞர்களுக்கு நடுவில் ஒரு படி காணாமல் போய்விட்டது.

கிள்ளான் பையன் ஒருவனின் கணக்கு

இப்போது ஒரு சிறிய கணக்குப் போடுவோம். கிள்ளானில் ஒரு பையன். 2020 மார்ச் மாதம் அவனுக்கு 14 வயது, படிவம் 2. ரக்பியோ காற்பந்தோ ஹாக்கியோ, ஏதோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் போட்டிகள் பொதுவாக 12 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கும். அவனுடைய இலக்கு 15 வயதுப் பிரிவு.

மார்ச்சில் பள்ளி மூடியது. ஆண்டின் நடுவில் திறந்து, ஆண்டுக் கடைசியில் மறுபடியும் மூடியது. 2021-இல் திறந்தது, மே மாதம் மீண்டும் மூடியது. அக்டோபரில்தான் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். அவன் ஒழுங்காகத் திடலில் இறங்கும்போது ஆண்டு 2022, வயது 16. பதினைந்து வயதுப் பிரிவை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேரே 18 வயதுப் பிரிவுக்குள் நுழைகிறான். எதிரில் நிற்பவன் அவனைவிட இரண்டு வயது மூத்தவன், பத்துக் கிலோ கூடுதல் எடை. ரக்பியில் எதிரியைச் சாய்ப்பதற்குத் தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், தோளை எங்கே கொடுக்க வேண்டும் என்பதைச் சிறு வயதிலேயே படிப்படியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாடத்தைக் கற்காமல் மேல் வகுப்புக்குப் போனால், மதிப்பெண் குறையாது, கழுத்தெலும்புக்குத்தான் ஆபத்து.

கவனியுங்கள் நேயர்களே. அதே காலத்தில் தேர்வுகளுக்கு என்ன செய்தார்கள்? 2020-ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வைத் தள்ளிவைத்து 2021 தொடக்கத்தில் நடத்தினார்கள். யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 தேர்வுகளை இரத்து செய்தாலும், பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு அனுப்ப ஒரு வழி செய்தார்கள். படிப்பு என்றால் நாடே கூடி யோசித்தது. விளையாட்டில் விடுபட்ட வயதுக்கு ஈடு செய்வது பற்றி எத்தனை வீடுகளில் பேசியிருப்போம்? தேர்வைத் தள்ளிவைக்கலாம், பிறந்த நாளைத் தள்ளிவைக்க முடியாதே!

வீட்டுக்குள்ளும் நிலைமை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. தரை வீட்டுப் பிள்ளை முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை, பதினோராவது மாடியில் இரண்டு அறைக்குள், கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவாரே என்று குதிக்கக்கூட முடியாமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்த பயிற்றுநர்களோ, பயிற்சி இல்லாததால் வருமானம் இல்லாமல் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பிள்ளை திரும்பி வரும்போது பயிற்றுநர் இல்லை என்றால், திடல் திறந்து என்ன பயன்?

இரண்டாவது கிண்ணத்தின் கதை

அந்தக் கப்பல் தந்த இரண்டு கிண்ணங்களை மறந்திருக்க மாட்டீர்கள். காற்பந்துக் கிண்ணத்துக்கும் இதே சோதனைதான். 2020 பருவம் மார்ச்சில் நின்று ஆகஸ்ட் 26-ஆம் தேதி தொடங்கியது. சூப்பர் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் 11 ஆட்டங்களே மிஞ்சின. மலேசியக் கிண்ணம் தொடங்கி, நடுவில் நிறுத்தப்பட்டு, இரத்தானது. எஃப்.ஏ. கிண்ணம் 2020, 2021 இரண்டு ஆண்டும் இல்லை. பாதி ஆட்டம் என்றால் நுழைவுச்சீட்டும் பாதி, விளம்பரமும் பாதி. ஆட்டக்காரர் வீட்டு வாடகை மட்டும் முழுசு.

நம் சமுதாயத்துக்கு நெருக்கமான ஓர் அணியைப் பார்ப்போம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வழியில் வளர்ந்த அணி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்குள் நுழைந்தது. பி.மணியம் பயிற்றுநராக இருந்தார். கெலானா ஜெயா அரங்கில் நம் பிள்ளைகள் நாட்டின் மேல்நிலை லீக்கில் ஆடுவதைப் பார்க்க முடிந்தது. பின்னர் இறக்குமதி ஆட்டக்காரர்களே இல்லாமல், உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் நம்பிக் களமிறங்கியதும் அந்த அணிதான். 2022 பருவம் முடிந்ததும் அந்த அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதற்குத் தொற்றுதான் ஒரே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனால் பெரும்பாலும் ஒரே ஆதரவாளரின் தோளில் நிற்கும் அணி, அந்தத் தோள் விலகினால் விழுந்துவிடும் என்பதை இரண்டு ஆண்டுத் தொற்று எல்லாக் கழகங்களுக்கும் முன்கூட்டியே காட்டிவிட்டது. பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பணம் மேலே வரும், கீழே வருமா?

நல்ல செய்தியும் உண்டு. 2021 நவம்பரில், கிண்ணம் பிறந்து நூறாவது ஆண்டில், புக்கிட் ஜாலில் அரங்கில் கோலாலம்பூர் சிட்டி அணி ஜொகூரை 2-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. 1989-க்குப் பிறகு தலைநகருக்குக் கிடைத்த முதல் கிண்ணம். பயணங்களும் திரும்பின. 2025 ஜூலையில் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, மெல்பர்ன் அரங்கில் ஒரே நாளில் 90,000 பேருக்கு மேல் கூடினார்கள்.

ஆனால் அதே மெல்பர்ன் நகரத்தில் 'ரெபல்ஸ்' என்று ஒரு தொழில்முறை ரக்பி அணி இருந்தது. கடன் முற்றி, 2024-ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டது. நகரத்தின் பெரிய திடல் நிரம்பி வழிந்தபோது, நகரத்தின் சொந்த அணி உயிரோடு இல்லை. இங்கிலாந்திலும் வூஸ்டர், வாஸ்ப்ஸ் கழகங்கள் 2022-இலும், லண்டன் ஐரிஷ் 2023-இலும் விழுந்தன. அவற்றின் கடன்கள் தொற்றுக்கு முன்பே இருந்தவை, தொற்று காலத்தில் இன்னும் பெருத்தவை.

இதுதான் இந்தப் பேச்சின் சாரம். நெருக்கடி முடிந்ததும் பணம் முதலில் மேல்தட்டுக்குத் திரும்புகிறது. கீழ்ப்படிக்குத் தானாக இறங்கி வருவதில்லை. கீழ்ப்படியில் நின்ற பையனுக்கோ காத்திருக்க நேரமில்லை. அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, கழகம் நடத்துகிறவர்கள் ஒரே ஆதரவாளரை நம்பியிருக்கக் கூடாது. உறுப்பினர் சந்தா பத்து வெள்ளியானாலும், நூறு பேர் கொடுத்தால் அது கழகத்தின் சொந்தப் பணம். வருமானத்தில் ஒரு பகுதியை இளையோர் பயிற்சிக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். முதல் அணிக்கு நெருக்கடி வந்தாலும் அந்தக் கணக்கில் கைவைக்கக் கூடாது என்று சட்டவிதியில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கிள்ளான் பையனுக்கு இன்று வயது இருபதை ஒட்டியிருக்கும். அவனைப் போன்றவர்களை, வயது போய்விட்டது என்று ஒதுக்காமல், 23 வயதுக்குட்பட்டோர் என்று வட்டார அளவில் போட்டி நடத்தினால் பலர் திரும்பி வருவார்கள். ஆட்டக்காரராக இல்லாவிட்டாலும் நடுவராக, பயிற்றுநராக அவர்கள் உருவாகலாம். கழகங்களுக்கு இப்போது அவர்களும் தேவை.

மூன்றாவது, சுற்றுப்பயணம் என்றால் விமானம்தான் ஏற வேண்டும் என்பதில்லை. கிள்ளான் பிள்ளைகள் பேருந்தில் ஈப்போவுக்குப் போய் ஆடட்டும். அடுத்த விடுமுறையில் ஈப்போ பிள்ளைகள் கிள்ளானுக்கு வரட்டும். விடுதிச் செலவு வேண்டாம், ஆட்டக்காரர் வீடுகளிலேயே தங்கட்டும். அம்மாக்கள் சமைத்துப் போடட்டும். புதிய திடல், புதிய எதிரி, புதிய நட்பு மூன்றும் அதிலேயே கிடைத்துவிடும். நாளைக்கே இன்னொரு தொற்று வந்து எல்லை மூடினாலும், மாநிலத்துக்குள்ளாவது ஆட்டம் நடக்கும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் தேர்வுச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறோம். அதே அக்கறையோடு, அவன் ஆடும் கழகத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். என் மகன் வயதுக்கு இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் வைத்திருக்கிறீர்கள், பயிற்றுநருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் நின்றால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிற கழகம், அடுத்த நெருக்கடியையும் தாங்கும். பதில் இல்லையென்றால், வருகிற ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் முதல் ஆளாக நீங்களே இருங்கள்.